போகாமல் இருந்தவர்

ஒவியேதோ,
1993 செப்டம்பர் 19

ஈவர்,

விமான நிலையத்தில் பெட்டியை என் கையில் திணித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தாய். தொலைபேசியில் கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. பிரிக்காமல் வேண்டுமானால் மூலையில் போடலாம். பிரித்துவிட்டாய் என்றால் கொஞ்சம் படித்தும் விடு.

முப்பத்தொரு வயதில், ஸ்பானிய மொழி படிக்க மறுபடியும் பள்ளிக்கூடம் போகிறேன். பல் மருத்துவமனையில் ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொன்னவள், இங்கே என் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். என் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன்.

காலையில் ரெமெ எழுப்புவாள். அவள் வீட்டில்தான் எனக்கு அறை. கீழ்த்தளத்தில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். பால் காப்பியும், சுட்ட ரொட்டியில் ஆலிவ் எண்ணெய் ஊற்றியதும் மேசைக்கு வரும். ஆனால் உடனே தொட முடியாது. "ஒரு வாக்கியம் சொல்லு, அப்புறம் சாப்பிடு" என்பது அவள் சட்டம். முதல் வாரத்தில் ஒரு நாள் 'ரொம்பக் களைப்பா இருக்கு' என்று சொல்ல நினைத்தேன். அவர்கள் சொல்லின் நடுவில் ஒரே ஓர் எழுத்தை விழுங்கிவிட்டதால் அது 'ரொம்பக் கல்யாணமாகி இருக்கு' என்று வந்தது. ரெமெ சிரிக்காமல், "பாவம்டி, எத்தனை தடவ?" என்று கேட்டாள். அன்று சாயங்காலம் கடைக்கு வந்த பெண்கள் எல்லோரும் என் கணவர்களை நலம் விசாரித்தார்கள்.

வகுப்பு ஒன்பது மணிக்கு. சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மாடி. ஆசிரியை பெயர் நியேவெஸ். பனி என்று அர்த்தமாம். ஆளோ நெருப்பு. என்னைவிடச் சின்னவள். பெர்கனில் நாம் பேசும் மொழியில் நான் போனாலும் நீ போனாலும் அவர்கள் போனாலும் வினைச்சொல் அசையாமல் அப்படியே இருக்கும். இங்கே ஆளுக்கு ஒரு வால் ஒட்ட வேண்டும். நான் ஒட்ட மறந்துவிடுவேன். "ஸிக்னே, இந்தச் சொல்ல ஏன் வாசல்லயே விட்டுட்டு வந்த? யாரு போனது, எப்பப் போனது, ஒண்ணும் தெரியாம அம்மணமா நிக்குது பாரு" என்பாள். எனக்குப் பக்கத்தில் வௌட்டர் என்று ஒரு பெல்ஜியக்காரன். எல்லா வாலையும் சரியாக ஒட்டுவான், ஆனால் வேறு யாருடைய வாக்கியத்திலாவது ஒட்டிவிடுவான்.

மூன்று மணிக்குத்தான் மதியச் சாப்பாடு. வெள்ளை அவரைக் குழம்பில் ரத்தத் தொத்திறைச்சி மிதக்கும். அதைச் சாப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்கு எந்த மொழியும் வராது. பிறகு வீட்டுப்பாடத்தை எடுத்துக்கொண்டு ரெமெ கடைக்கு இறங்குவேன். சும்மா கிடக்கும் முடி உலர்த்தும் இயந்திரத்துக்கு அடியில் உட்கார்ந்து எழுதுவேன். சுற்றிலும் ஊர் வம்பு ஓடும். பாதி புரிகிறது. அந்தப் பாதியே போதுமானதாக இருக்கிறது.

இந்த ஊர்க்காரர்களுக்குப் பொறுமை அதிகம். தபால் நிலையத்தில் நான் சொல்லைத் தேடிக்கொண்டு நின்றால் வரிசை முழுவதும் காத்திருக்கிறது. பின்னாலிருந்து யாராவது அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கிறார்கள். வாங்கிக்கொண்டு நன்றி சொல்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை நன்றி சொல்கிறேன் என்று எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

ஏன் வந்தேன் என்று உனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் மலை ஏற வந்து விழுந்து நீ இங்கே ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது, உன்னை மலையிலிருந்து கொண்டுவந்தவர்கள் வீட்டு அம்மாள் எதெல்வினா தினமும் பேருந்து பிடித்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார். மணிக்கணக்காகப் பேசுவார். எனக்கு ஒரு சொல்லும் புரிந்ததில்லை. புரியாமலே அவரை விட்டு வந்தது இத்தனை நாளும் தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. அடுத்த மாதம் அவர் ஊரான பிரன்யுவேலாவுக்குப் போகிறேன்.

நீ கோபப்படுவாய். படு. ஆனால் பதில் எழுதிவிட்டுப் படு.

ஸிக்னே


பெர்கன்,
அக்டோபர் 3

அக்கா,

பிரித்தேன். படித்தும்விட்டேன். உன் கணவர்கள் சௌக்கியமாக இருக்கிறார்களா?

என் காலை வெட்டி எடுத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு காப்பியும் ரொட்டியும் என்று எழுதுகிறாய். எனக்கு அது இறங்கவில்லை. இருந்தாலும் நீ சந்தோஷமாக இருப்பது தெரிகிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

என் உயிரைக் காப்பாற்றினார்கள் என்று நீ எப்போதும் சொல்வாய். எந்த உயிரை? புயல் காற்றில் மின்கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு அறுந்த கம்பியைச் சேர்த்து, ஒரு தீவுக்கே வெளிச்சம் கொடுத்தானே ஒருவன், அவனையா? அவன் அந்த மலையில்தான் கிடக்கிறான். இங்கே வந்து சேர்ந்தவன் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிறவன். "எங்க தெருவுல கரண்டு இல்ல" என்று யாரோ சொல்வார்கள். "ஆள் அனுப்புறோம்" என்று நான் சொல்வேன். அந்த ஆளாக முன்பு நான் இருந்தேன்.

போவதென்றால் போ. உன் நன்றி உன்னுடையது, அதைச் சொல்ல உனக்கு உரிமை உண்டு. என்னுடையதைச் சேர்த்துச் சொல்லாதே. என்னிடம் அப்படி ஒன்று இல்லை. இல்லாததை நீ எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால் அது பொய்.

உன் வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒன்று செத்துவிட்டது. அது முன்னாலேயே சாகிற மாதிரிதான் இருந்தது.

ஈவர்


ஒவியேதோ,
அக்டோபர் 17

ஈவர்,

உன் கோபத்தைவிட அந்தச் செடி விஷயம்தான் என்னை அழவைத்தது. ஆகவே சமாதானம்.

நேற்று பிரன்யுவேலாவுக்குப் போய்வந்தேன். நீ கேட்க விரும்பமாட்டாய். ஆனால் எனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை.

பேருந்து கீழ் ஊரோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். மழை. எதெல்வினா வாசலில் மரக்கட்டைச் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். நான் பேருந்தில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியங்களில் முதலாவதை எடுப்பதற்குள் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"வா புள்ள. இப்படி மெலிஞ்சு போயிட்டியே. அங்க சோறு போடுறதில்லையா உனக்கு?"

ஈவர், எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. வாசலிலேயே நின்று அழுதேன். "இது என்னடா வம்பா இருக்கு, புரியலைன்னாலும் அழுவுற, புரிஞ்சாலும் அழுவுற" என்றார்.

அடுப்பங்கரையில் உட்கார்ந்ததும் நான் கேட்க வந்ததைக் கேட்டேன். ஆஸ்பத்திரியில் அத்தனை நாளும் என்னிடம் என்ன சொன்னார் என்று.

"என்னத்தச் சொன்னேன்? செவலப் பசு கன்னு போட்டதச் சொன்னேன். மேல வீட்டுக்காரியோட வாய்க்கால் சண்டையச் சொன்னேன். என் மச்சினன் பொண்டாட்டி சூப்பு வைக்கிற லட்சணத்தச் சொன்னேன். நான் பேச்ச நிறுத்துனா நீ அழ ஆரம்பிச்சிடுவ. அதான் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கிட்டே கெடந்தேன்."

பெரிய ஆறுதல் வார்த்தைகள் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்க்கால் சண்டையாம். அந்த நாள்களில் என்னைத் தூக்கி நிறுத்தியது அதுதான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு நன்றி சொன்னேன். எல்லா வாலும் சரியாக ஒட்டி ஒரு நீள வாக்கியம். என்னுடையதை மட்டும்தான் சொன்னேன்.

ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. அவர் கணவர் ஃபெர்மின் நடுவில் உள்ளே வந்தார். உன்னைக் கண்டுபிடித்தவர். ஐம்பதைத் தாண்டிய ஆள், தோள் கொஞ்சம் கூனல். பெல்ட்டுக்குப் பதிலாக ஒரு கயிற்றால் கால்சட்டையை இறுக்கிக் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "லோ சியெந்தோ" என்றார். வருத்தப்படுகிறேன் என்று அர்த்தம். இங்கே துக்க வீட்டில் அதைத்தான் சொல்வார்கள். உன் காலுக்காகச் சொல்கிறார் என்று நினைத்து, நான் நன்றி சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. வெளியே போய்விட்டார். சாப்பாட்டுக்கும் வரவில்லை.

"மாட்டுக்கு ஒடம்பு சரியில்ல" என்று எதெல்வினா தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார். தட்டு அதற்கு முன்பே கழுவியதுதான்.

உனக்கு ஒரு பாலாடைக்கட்டி கொடுத்தனுப்பியிருக்கிறார். நாற்றம் பலமாக இருக்கும். தூக்கிப்போட்டுவிடாதே.

ஸிக்னே


பெர்கன்,
அக்டோபர் 31

அக்கா,

பாலாடைக்கட்டி வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் அதன் நாற்றம் வந்தது. தபால்காரர் கையை முழுவதும் நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்தார். பாதி தீர்ந்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்று எழுத எனக்கு மனமில்லை, ஆனால் நன்றாக இருக்கிறது.

உன் மாட்டு விஷயத்துக்கு வருகிறேன். துக்கம் விசாரிக்க நான் என்ன செத்தா போனேன்? மாட்டுக்குச் சீக்கு என்றால் அவசரமாக வெளியே போவார்கள், முகம் கறுத்துப் போக மாட்டார்கள். உன் எதெல்வினா அம்மாள் பொய் சொல்கிறார். நல்ல பெண்கள் பொய் சொல்லும்போதுதான் கழுவின தட்டைக் கழுவுவார்கள்.

எனக்கு அந்த ஆளை நினைவே இல்லை. கல் வழுக்கியது தெரியும். அடுத்து ஆஸ்பத்திரிக் கூரை. நடுவில் ஒன்றும் இல்லை, வெட்டி எடுத்த மாதிரி. என்னைக் கண்டுபிடித்தவர் எப்படி இருப்பார் என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். கூனல் தோள், கால்சட்டையில் கயிறு. இரண்டு நாளாக அந்தக் கயிறு மண்டைக்குள் சுற்றுகிறது, ஏன் என்று தெரியவில்லை.

மறுபடி போனால் கேள். எனக்காக இல்லை. கேட்காவிட்டால் உனக்குத் தூக்கம் வராது. உன்னை எனக்குத் தெரியும்.

ஈவர்


ஒவியேதோ,
நவம்பர் 14

ஈவர்,

இதை உட்கார்ந்து படி. அலுவலகத்தில் படிக்காதே.

உன் கடிதம் வந்த வாரத்தில் வகுப்பில் நியேவெஸிடம் கேட்டேன். லோ சியெந்தோ என்பதைத் துக்க வீட்டில் தவிர வேறு எங்கே சொல்வார்கள் என்று. "என்ன கேள்வி இது? கால மிதிச்சிட்டா சொல்லுவோம். தப்புப் பண்ணிட்டா சொல்லுவோம். மன்னிப்புக் கேக்குறதுக்கும் அதேதான்" என்றாள். வௌட்டர் உடனே என் காலை மிதித்துச் சொல்லிக் காட்டினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நான் நன்றி என்று சொல்லி அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நேற்று போனேன். எதெல்வினாவிடம் ஒன்றும் சொல்லாமல் நேரே தொழுவத்துக்குப் போனேன். முக்காலியில் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தார். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். பதற்றத்தில் என் வால்களெல்லாம் இடம் மாறிவிட்டன.

"நீங்க அன்னைக்கு மன்னிப்புக் கேட்டேன். எதுக்கு கேட்டான்?"

அவர் திருத்தவில்லை. "ஆஸ்பத்திரியில உனக்குச் சொல்லலையா?" என்றார்.

"எனக்கு அப்ப உங்க மொழி தெரியாது."

"அந்தப் பையன் கால எடுத்தது டாக்டர் இல்ல புள்ள. நான்தான்."

பிறகு சொன்னார். தலையைப் பசுவின் வயிற்றில் சாய்த்துக்கொண்டு, கறப்பதை நிறுத்தாமல், மெதுவாக, எனக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

காணாமல் போன ஒரு கிடாரிக் கன்றைத் தேடி மேலே போயிருக்கிறார். பாறைக்குக் கீழே நீ கிடந்தாய். கணுக்காலுக்கு மேலே கிழிந்து ரத்தம் அடித்துக்கொண்டிருந்தது. தன் பெல்ட்டை உருவி முழங்காலுக்கு மேல் இறுக்கிக் கட்டினார். ரத்தம் நின்றது. கீழே ஓடி ஆட்களைக் கூட்டிவரலாம் என்று எழுந்தார். நீ அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாய். விரலைப் பிரிக்க முடியவில்லை. பெல்ட் ஈரத்தில் வழுக்கி நெகிழ்ந்துகொண்டே இருந்தது. கையால் திருகிப் பிடித்தால்தான் நின்றது. அவர் உட்கார்ந்துவிட்டார். மதியத்திலிருந்து இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். மாடுகள் மட்டும் தனியாக வீடு வந்ததைப் பார்த்து எதெல்வினா அண்டை வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஏணியோடு மேலே வந்தார். அந்த ஏணியில்தான் உன்னை இறக்கினார்கள். ஆஸ்பத்திரி நடையில் ஒரு டாக்டர், "யாரு இத இவ்வளவு நேரம் கட்டி வச்சது? கால் செத்துப்போச்சே" என்று கேட்டுக்கொண்டே போனாராம். யாரிடம் கேட்டோம் என்று கூடப் பார்க்கவில்லையாம்.

அன்றிலிருந்து ஃபெர்மின் பெல்ட் போடுவதில்லை.

"நான் இறங்கிப் போயிருந்தா வெளிச்சம் இருக்கையிலயே ஆளு வந்திருக்கும். அவன் ரெண்டு காலோட போயிருப்பான். ஆனா அவன் விடல. ஒரு வார்த்தைய சொல்லிக்கிட்டே இருந்தான். 'போயி ஆளக் கூட்டியா'ன்னு சொன்னானா, 'அவுத்து விடு'ன்னு கெஞ்சினானா, எனக்கு என்ன தெரியும்? ரெண்டு வருஷமா அது காதுலயே நிக்குது."

"என்ன வார்த்தை?" என்று கேட்டேன்.

தலையைத் தூக்கினார். அவர் வாயில் அது உடைந்து, விறைத்து வந்தது. ஆனால் அது நம் மொழி என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இக்கெ கோ. இக்கெ கோ. அதையேதான், திரும்பத் திரும்ப."

ஈவர், உனக்கு நான் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குச் சொன்னேன். அந்த ஒரு வினைச்சொல் மட்டும் எனக்குப் பிழையில்லாமல் வந்தது.

"'போகாதே'ன்னு அர்த்தம்."

அவர் கறப்பதை நிறுத்தினார்.

"போகாதேன்னா சொன்னான்?"

"ஆமா."

"நான் போகல."

"போகல. நீங்க போகல."

நெற்றியைப் பசுவின் வயிற்றில் வைத்துக்கொண்டார். பசுவும் அசையாமல் நின்றது. நான் வைக்கோல் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

ஆனால் அவர் மனதில் இருந்த பாரம் முழுசாகப் போய்விடவில்லை, ஈவர். நான் கிளம்பும்போது வண்டி வரைக்கும் வந்தார். "நீ அவன் அக்கா. நல்லதாத்தான் சொல்லுவ" என்றார். அவருக்கு வேண்டியது என் வார்த்தை இல்லை. உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

ஸிக்னே


பெர்கன்,
டிசம்பர் 1

அக்கா,

உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

எனக்கு இன்னும் நினைவு வரவில்லை. கண்ணை மூடி முயற்சி செய்தேன். சட்டைத் துணி, ஈரம், அந்த ஆளின் மூச்சு, எதுவும் இல்லை. ஆனால் அந்தச் சொல் என்னுடையதுதான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் சொல்வேன் என்று அம்மா சொல்வாளே.

என் மருத்துவரிடம் போனேன். இனிப்பாகப் பேசத் தெரியாதவர் என்று உனக்குத் தெரியும். இத்தனை நாள் நான் அவரிடம் ஒன்றுமே கேட்டதில்லை. இப்போது நேராகக் கேட்டேன். அவர் ஏதாவது மழுப்புவாரோ என்று பார்த்தேன். மழுப்பவில்லை. "சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா கால் தப்பிச்சிருக்கலாம். ஆனா பெல்ட்ட பிடிக்க ஆள் இல்லைன்னா நீ பாதி வழியிலயே முடிஞ்சிருப்ப. கால் தப்பிச்ச பொணமா இருந்திருப்ப" என்றார். இரண்டு வருடத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு நேர்மையாகப் பேசியதில்லை.

கீழே இருப்பதை ஸ்பானிய மொழியில் ஆக்கி அவரிடம் படித்துக் காட்டு. பூ வைக்காதே. பொட்டு வைக்காதே. நான் எழுதியது எழுதியபடி இருக்கட்டும்.

ஃபெர்மின் அவர்களுக்கு,

என் பெயர் ஈவர். நீங்கள் மலையில் கண்டெடுத்தவன். அக்கா சொன்னது உண்மை. அவள் நல்லதுக்காகக் கூட்டிச் சொல்லவில்லை. நான் போகாதீர்கள் என்றேன், நீங்கள் போகவில்லை. மொழி தெரியாமலே சரியாகப் புரிந்துகொண்டீர்கள்.

நீங்கள் போயிருந்தால் என் கால் பிழைத்திருக்கலாம். நான் பிழைத்திருக்க மாட்டேன். இது என் மருத்துவர் சொன்னது. அவர் யாருக்கும் ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை.

பிழைத்தது நல்லதுதானா என்று எனக்கு இரண்டு வருடமாக நிச்சயமாகத் தெரியவில்லை. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை, அது என் பாடு. ஆனால் நான் இங்கே காலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே நாள்களில் நீங்களும் அங்கே அதையே நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முன்பே எழுதியிருப்பேன்.

நீங்கள் கயிறு கட்டுகிறீர்களாம். பெல்ட் போடுங்கள்.

உங்கள் மனைவி அனுப்பிய பாலாடைக்கட்டி தீர்ந்துவிட்டது.

ஈவர்


ஒவியேதோ,
டிசம்பர் 12

என் ஈவர்,

உன் கடிதத்தை மொழிபெயர்க்க எனக்கு மூன்று நாள் ஆனது. 'போயிருந்தால்', 'தெரிந்திருந்தால்' என்று எழுதியிருக்கிறாயே, நடக்காமல் போனதைச் சொல்லும் அந்த வினைதான் இங்கே எல்லாவற்றிலும் கடினமானது. பருவம் முழுவதும் அதில் உதை வாங்கியிருக்கிறேன். வகுப்பு முடிந்ததும் நியேவெஸிடம் காட்டினேன். சிவப்புப் பேனாவை எடுத்தாள், படித்தாள், திருப்பி மூடினாள். இரண்டே இடம் திருத்தினாள், அதுவும் பென்சிலால். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு கரும்பலகையை அழித்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நேற்று அடுப்பங்கரையில் படித்துக் காட்டினேன். எதெல்வினா மாவுக் கையோடு நின்றார். ஃபெர்மின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அந்த நடுவுல உள்ளத இன்னொரு வாட்டி படி" என்றார். மருத்துவர் சொன்னது வரும் இடம். படித்தேன். மறுபடி கேட்டார், மறுபடி படித்தேன். நான்காவது தடவை, நான் ஓர் எழுத்தைத் தப்பாக உச்சரிக்கிறேன் என்று திருத்தினார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. திருத்துகிற அளவுக்கு அவர் திரும்பி வந்துவிட்டார்.

எதெல்வினா கிட்டே போய் அவர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். உருவி அடுப்பில் போட்டார்.

"ஏய், என்ன பண்ற? அவுந்து விழப்போவுது" என்று அவர் இரண்டு கையாலும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பையன் பெல்ட் போடச் சொல்லிட்டான்ல? போயி அலமாரியில தேடு. அதுவரைக்கும் பிடிச்சுக்கிட்டே நில்லு."

மூவரும் சிரித்தோம். அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழ ஆரம்பித்தார், கையை எடுத்துக் கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை. எதெல்வினாதான் மாவுக் கையால் துடைத்துவிட்டார். முகமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. அப்படியே உட்கார்ந்து எங்களோடு சாப்பிட்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை பாடம் முடிகிறது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பேன். ஒரு மொழியைக் கற்றுக்கொள்ள வந்தேன். இன்னும் தப்பும் தவறுமாகத்தான் பேசுகிறேன். இருந்தாலும் யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல், ரெமெக்கும் நியேவெஸுக்கும் பால் வண்டிக்காரருக்கும் கூடச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இந்தப் பட்டியலில் நீயும் இருக்கிறாய்.

ஸிக்னே


பிரன்யுவேலா,
1994 மே 22

அக்கா,

இங்கே தொலைபேசி கீழ் ஊரில்தான் இருக்கிறது. அதனால் ஊர் விட்டுக் கடிதம் எழுதும் உன் பழக்கம் எனக்குத் தொற்றிவிட்டது.

வந்து சேர்ந்துவிட்டேன். ஒவியேதோவில் ஒரு ராத்திரி ரெமெ வீட்டில் தங்கினேன். வாக்கியம் சொல்லாமல் எனக்கும் காப்பி தரவில்லை. குளிர்காலம் முழுவதும் பெர்கனில் மாலை வகுப்புக்குப் போனதெல்லாம் அவள் முன்னால் ஆவியாகிவிட்டது. 'காப்பி நல்லது' என்றேன். "இன்னும் குடிக்கவே இல்லையே, எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

எதெல்வினா நீ சொன்ன மாதிரியேதான். கட்டிப்பிடித்தார், திட்டினார், தட்டு நிறையப் போட்டார், பேசினார். வாய்க்கால் சண்டை இன்னும் முடியவில்லை என்று நினைக்கிறேன். 'மேல வீட்டுக்காரி' என்ற சொல் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

ஃபெர்மின் முதல் நாள் என்னை நேராகப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், நடுவில் ரொட்டி. வகுப்பில் நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் நாக்கு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனது. அவர் பெல்ட் போட்டிருந்தார். புதுசு. சத்தம் போடும் தோல்.

இன்று காலையில் எழுந்ததும் அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தொழுவத்தைக் காட்டி, வருகிறாயா என்று தலையை ஆட்டினார். போனேன். வீட்டிலிருந்து தொழுவத்துக்கு இறங்கும் பாதை முழுவதும் கல். ராத்திரி பெய்த மழையில் நனைந்து மின்னிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் இரண்டு அடி வைத்துவிட்டு நின்றார். திரும்பிப் பார்த்தார். என் காலைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார். கையை நீட்டினார். உடனே, சூடான பாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி பின்னால் இழுத்துக்கொண்டார்.

அந்தக் கை எதற்குப் பயப்படுகிறது என்று எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் வாக்கியம் வந்தது. வகுப்பில் வைத்திருந்தது இல்லை, வேறு ஒன்று. ஒரே சொல். உனக்குத் தெரிந்திருக்கும். "பிடிங்க" என்றேன். வால் சரியாக ஒட்டினேனா என்று தெரியவில்லை. அவருக்குப் புரிந்தது. என் முழங்கைக்குக் கீழே பிடித்தார். பெரிய கை, அக்கா. மரம் மாதிரி.

இரண்டு பேரும் ஒவ்வொரு கல்லாக இறங்கினோம். எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பாதிதான் புரிந்தது. பாதி வழியில் நின்று, "கிராசியாஸ்" என்று நன்றி சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "பாத்து, இந்தக் கல்லு ஆடும்" என்றார். பிடியை மட்டும் கொஞ்சம் இறுக்கினார்.

புதுச் செயற்கைக் கால் நன்றாகப் பொருந்திவிட்டது. பெர்கனில் மழையில், மலைப் படிகளில் தனியாகத்தான் ஏறி இறங்குகிறேன். இந்தப் பாதையையும் யாரும் பிடிக்காமலே என்னால் இறங்கியிருக்க முடியும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஈவர்